ஒருத்திக்கு எழுதின மாத்திரை

ஐந்து வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிவந்த பரிசோதனைக் காகிதம், அந்தப் புரட்டாசியில் பாஞ்சாலிக்கு வேறு பதில் சொன்னது. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவு என்றுதான் எப்போதும் இருக்கும். இந்தத் தடவை பதினாலாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் மையத்தில், ஆலோசகர் சுகுணா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பாஞ்சாலி கொண்டுவந்திருந்த டப்பாவைக் கவிழ்த்து மிச்ச மாத்திரைகளை எண்ணினார். நான்கு இருந்தன. நான்குதான் இருக்க வேண்டும்.

"எண்ணிக்கை சரியா இருக்குதுக்கா. ரத்தம்தான் வேற சொல்லுது. நடுவுல நாள் ஏதாச்சும் வுட்டுப் போச்சா?"

"இல்லீங்க மேடம்."

"ஊருக்குப் போனப்ப, கல்யாணம் காச்சின்னு..."

"ஒருநாளும் வுடலீங்க."

சுகுணா அவள் முகத்தைப் பார்த்தார். பாஞ்சாலி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் பேசியவள். மாதவிலக்குத் தள்ளிப்போனதைச் சொல்லியிருக்கிறாள், மகள் மலர்விழி எதிர்த்துப் பேசுவதைச் சொல்லி அழுதிருக்கிறாள். இந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் இதுதான்.

அடுத்த அறையில் மையத்தின் டாக்டர் மதியழகன் நிதானமாகச் சொன்னார். "இது முதல் வரிசை மருந்தும்மா. தவறாம சாப்பிட்டா கிருமி தலையெடுக்காது. நீங்க சாப்பிட்டும் ஏறியிருக்குன்னா, கிருமி மருந்துக்குப் பழகிடுச்சோன்னு பாக்கணும். மூணு மாசம் கவனமா சாப்பிடுங்க. மறுபடி ரத்தம் எடுப்போம். அப்பவும் குறையலைன்னா ரெண்டாம் வரிசைக்கு மாத்தணும். மாசாமாசம் வாங்க."

"சரிங்க சார்" என்று எழுந்தாள். பேருந்தில் கடத்தூர் வரும் வரைக்கும் பையை மடியில் அணைத்தபடியே இருந்தாள்.

அவளுக்கு இந்த நோய் வந்த கதை புதிதில்லை. கணவன் மாது லாரி ஓட்டினான். வடக்கே லோடு ஏற்றிப் போனால் இருபது நாள் கழித்துத் திரும்புவான். 2011இல் நெஞ்சில் சளி கட்டி எலும்பும் தோலுமாகி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனான். அப்போது பாஞ்சாலிக்கு இருபத்துநாலு வயது. மலர்விழிக்கு இரண்டு. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குழந்தைக்கு இல்லை, தாய்க்கு இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து நின்றது அண்ணன் பச்சியப்பன் வீட்டு வாசலில். அவனுக்கு இரண்டு ஏக்கர் வெற்றிலைத் தோட்டம் இருந்தது. ஊரில் மாரியம்மன் திருவிழா என்றால் முன்னால் நிற்கிறவன். விஷயம் ஊருக்குள் கசிந்த மறுநாள், அவளைத் தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கச் சொன்னான். சோறு அங்கேயே வந்தது. அண்ணி சென்னம்மாள் தூக்குப்போசியை வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். நான்கு மாதம் அப்படி இருந்தது. மோட்டார் ஓடும்போது குழந்தை பயந்து அலறும்.

அந்த நான்கு மாதத்தில்தான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். முதல் மாதம் வாந்தியும் உடம்பெல்லாம் தடிப்பும். பிறகு பசி எடுத்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடிந்தது. ஐந்தாம் மாதம் கடத்தூரில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்து, வெற்றிலை மண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டங்களிலிருந்து வரும் இலையைத் தரம் பிரித்து, நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டும் வேலை. வாயில் போடும் பொருள், தெரிந்தால் ஒரு நாளும் வைத்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று லீவு சொல்வாள். இடையில் மருந்து இரண்டு தடவை மாறியது. கடைசியாக வந்தது காலையில் ஒன்றே ஒன்று போடும் வெள்ளை மாத்திரை. தலைசுற்றல் இல்லை, கெட்ட கனவு இல்லை. மலர்விழி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு என்ன மாத்திரை என்று அவளுக்கும் தெரியும்.

அண்ணன் வந்தது அந்த வருஷம் மாசியில்.

மதியச் சோற்றுக்கு எல்லோரும் கலைந்த நேரம். மண்டிக்கு எதிரில் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவன் நின்றான். சட்டை தோளில் தொங்கியது. கிட்டே போன பிறகுதான் அது பச்சியப்பன் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளைத் தேடி வந்ததே இல்லை.

"நல்லா இருக்கறியா புள்ள?"

"இருக்கறேன். என்னண்ணா இப்டி எளைச்சிட்ட?"

அவன் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். சேலத்தில் ஒரு லேபில் எடுத்த பரிசோதனை. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்துகளையும் அதற்கு எதிரே இருந்த வார்த்தையையும் எங்கே பார்த்தாலும் தெரியும்.

எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"நாலு மாசமா காய்ச்சல் வுட்டு வுட்டு வருது. தருமபுரி பெரியாஸ்பத்திரில போயி பேரு எழுதுன்னாரு சேலத்து டாக்டரு. அந்த ஆஸ்பத்திரில நம்மூரு ஆளுங்க எத்தன பேரு வேல செய்யறாங்க தெரியுமா? வைகாசில எம்புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. மாப்ள வூட்டுக்கு சேதி போச்சின்னா அவ்ளோதான். ஒங்கிட்ட மாத்திரை இருக்குதில்ல?"

"அது எனக்கு எழுதனதுண்ணா."

"கல்யாணம் முடியட்டும். நானே வந்து எழுதிக்கறேன். அதுவரைக்கும் என்னெக் காப்பாத்து."

அண்ணிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தலையை ஆட்டினான், தெரியாது என்று.

அன்று மாலை அவள் டப்பாவிலிருந்து பாதியை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு நாள், அவனுக்கு ஒரு நாள். அவனுக்குக் காய்ச்சல் கூடிய வாரங்களில் முழுவதையும் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றும் போடாமல் இருந்தாள். இரண்டு மாதத்தில் அவன் முகம் தெளிந்தது. காய்ச்சல் நின்றது. பந்தக்கால் நடும்போது அவனே குழி தோண்டினான் என்று கேள்விப்பட்டாள்.

கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையை அண்ணனே கொண்டுவந்து கொடுத்தான். மண்டபத்தில், "அத்தை எங்க, அத்தையக் கூப்புடு" என்று அவன் சத்தமாகச் சொல்ல, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று அவள் படம் எடுத்துக்கொண்டாள். சென்னம்மாள் ஒரு பட்டுச்சேலை வைத்துக் கொடுத்தாள். எதற்காக இந்தத் திடீர் உறவு என்று அண்ணிக்குப் புரிந்திருக்காது. புருஷன் மனசு மாறிவிட்டான் என்று நினைத்திருப்பாள்.

பாஞ்சாலி இதைப் பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தாள். இரக்கத்தால் மட்டும் அவள் கொடுக்கவில்லை. அந்தப் படத்தில் நிற்கிற இடத்துக்காகவும் கொடுத்தாள். வைகாசி போய் ஆடி வந்தது. "புள்ள உண்டாயிருக்குது, இந்த நேரத்துல ஏதாச்சும் வெளிய தெரிஞ்சா" என்றான். ஆவணி போனது. அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காலையில் மலர்விழி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள். "நேத்தும் நீ போடல, முந்தா நாளும் போடல. டப்பா மட்டும் எப்டிம்மா கொறையுது?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, நீ போ" என்று அதட்டினாள்.

ஐப்பசியில் இரண்டாவது முறை ஆலோசனைக்குப் போனபோது, சுகுணா மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக மறுபடியும் விளக்கினார். தினமும் ஒன்று உள்ளே இருந்தால் கிருமியால் பெருக முடியாது. ஒரு நாள் இருந்து ஒரு நாள் இல்லாமல் போனால், அந்த இடைவெளியில் அது மருந்தை அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் அதே மருந்தைக் கொட்டினாலும் கேட்காமல் போகலாம்.

பாஞ்சாலி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள். "அப்டி அரையும் கொறையுமா சாப்புட்டா, புதுசா சாப்புட ஆரம்பிச்சவங்களுக்கும் கேக்காம போயிருங்களா மேடம்?"

சுகுணா பேனாவைக் கீழே வைத்தார்.

"யாருக்குக்கா குடுக்கறீங்க?"

அவள் அழுதாள். மோட்டார் ரூமில் கூட அப்படி அழுததில்லை. மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. சுகுணாவும் கேட்கவில்லை.

"நான் ஒங்களத் திட்டலக்கா. ஆனா இன்னியோட நிறுத்துங்க. நீங்க அவருக்குக் குடுக்கறது மருந்தே இல்ல. அவரு ஒடம்புல வேற என்ன இருக்குதுன்னு யாரும் பாக்கல. காசநோய் இருக்கான்னு பாக்கணும், எதிர்ப்பு சக்தி எவ்ளோ இருக்குன்னு பாக்கணும். அவரு வூட்டம்மாவுக்கும் ரத்தம் எடுக்கணும். இத நான் போயி யாருகிட்டயும் சொல்ல முடியாது. அவரா வரணும். நீங்கதான் கூட்டியாரணும்."

மறுநாளே தோட்டத்துக்குப் போனாள். பச்சியப்பன் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல ஏழேகால் பஸ்ஸுக்கு வாண்ணா. நான் கூட வர்ரேன். மூணு ஊசி, ஒரு சீட்டு, அவ்ளோதான்."

"பொங்கல் போவட்டும் புள்ள."

"இனிமே எங்கிட்ட மாத்திரை கெடையாது."

அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "என்னது?"

"எனக்கு ரத்தத்துல ஏறிப்போச்சி. இப்டியே போனா ரெண்டு பேருக்கும் இந்த மருந்து கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. ஒனக்கு அது பத்தாதுண்ணா. நீ முழுசா வைத்தியம் பாக்கணும்."

"அன்னிக்கு மோட்டார் ரூம்புல வெச்சதுக்கு இன்னிக்குப் பழி வாங்கறயா?" அவன் குரல் உடைந்தது. "தங்கச்சி கையாலதான் சாவணும்னு எழுதியிருக்குதா எனக்கு?"

"சாவக்கூடாதுன்னுதாண்ணா கூப்புடறேன்."

அவன் திரும்பிக்கொண்டான். தண்ணீர் மடை தாண்டி அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த ஐந்து வாரமும் திங்கள்கிழமைதோறும் ஏழேகால் பஸ் வருவதற்கு முன்பே நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். அவன் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. இதற்கிடையில் அவள் தன் மாத்திரையை ஒரு நாளும் தவறவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் சென்னம்மாளிடமிருந்து போன் வந்தது.

"பாஞ்சாலி, ஒங்கண்ணன் தல வலிக்குதுன்னு செவுத்துல முட்டிக்கறாரு. மூணு நாளா வாந்தி. பேசறது ஒண்ணும் வெளங்கல. கடத்தூரு டாக்டரு ஊசி போட்டும் கேக்கல."

"அண்ணி, வேற எங்கயும் போவாதீங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டியாங்க. நான் இங்கருந்து வந்தர்றேன்."

மூளையைச் சுற்றி காசநோய் பரவியிருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் அணுக்கள், குறைந்தது ஐந்நூறாவது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று இருந்தன. முதல் இரண்டு நாள் அவன் யாரையும் அடையாளம் காணவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தபோது மதியழகன் கட்டிலருகே குனிந்து, மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டார். அவன் சரி என்று தலையசைத்தான்.

சுகுணாவின் அறைக்குள் போன சென்னம்மாள் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தாள். அழவில்லை. வராந்தாவில் நின்ற பாஞ்சாலியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

"ஒனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"மாசியிலயிருந்து."

"பத்து மாசம்" என்றாள் சென்னம்மாள். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது.

காசநோய்க்கு மருந்து ஏறியது. ஆனால் கூட்டு மருந்தை உடனே தொடங்க முடியாது என்றார் மதியழகன். மூளையில் வீக்கம் அடங்காமல் தொடங்கினால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும், சில வாரம் பொறுக்க வேண்டும். பச்சியப்பனுக்கு இது புரிந்ததோ இல்லையோ, தெளிவாக இருந்த நேரங்களில் நர்ஸ் வரும்போதெல்லாம் எல்லோர் காதிலும் விழ கேட்டான். "அந்த வெள்ள மாத்திரை எப்பங்க குடுப்பீங்க?" பக்கத்துக் கட்டிலில் கேட்குமே என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது. ஒரு நாள் பாஞ்சாலியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லு புள்ள, நீ சொன்னா குடுப்பாங்க" என்றான். அவள் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு அவன் இறந்துபோனான். கடைசி வரைக்கும் அந்த மாத்திரை அவன் பெயரில் எழுதப்படவில்லை.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து, மூன்று மாதக் கெடுவுக்கான ரத்தம் கொடுக்கப் போனாள் பாஞ்சாலி. கொடுத்துவிட்டு மதியழகன் அறை வாசலில் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் குடுத்ததாலயா, நிறுத்தனதாலயா?"

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நிறுத்துனது தப்பில்லம்மா. கண்டிப்பா நிறுத்தணும். கொடுத்தது..." அவர் யோசித்தார். "அந்த அரைகுறை மருந்து அவரைக் கொஞ்ச நாள் எழுந்து நடக்க வெச்சிருக்கும். நடக்க முடிஞ்சதால இங்க வரணும்னு தோணாம போயிருக்கலாம். கொடுக்காம இருந்திருந்தா முன்னாடியே வந்திருப்பாரா, இல்ல வராமலே முன்னாடியே போயிருப்பாரா, எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா பொய்."

"சரிங்க சார்."

அவர் சமாதானம் சொல்லாதது அவளுக்கு ஏனோ நல்லதாகப் பட்டது. சமாதானம் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

தை பிறந்து முடிவு வந்தது. கண்டறிய முடியாத அளவு. சுகுணா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்தவே வேண்டியதில்லக்கா. இதே மருந்துதான். பழையபடி கேக்குது." பாஞ்சாலி காகிதத்தை வாங்கிக் கோப்புக்குள் வைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அடுத்த தேதி என்ன என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து மலர்விழியிடம் சொன்னபோது, அந்தப் பெண் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் நின்றது.

சென்னம்மாளும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு அணுக்கள் ஐந்நூறுக்கு மேலேயே இருந்தன. வேறு கோளாறு எதுவும் இல்லை. சரியான நேரத்தில் வந்தவர்களில் ஒருத்தி. ஒரு நாள் கடத்தூரில் அதே பஸ்ஸில் ஏறினாள். பாஞ்சாலியைப் பார்த்ததும் நான்கு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். தருமபுரியில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாஞ்சாலி பின்னாலேயே போகாமல், பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஒரு முற்பகல், கவுளி கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு மண்டிக்கு வெளியே வந்தாள்.

"தூக்கமே புடிக்க மாட்டேங்குது." வணக்கமும் இல்லை, நல்லா இருக்கியாவும் இல்லை. "இந்த மாத்திரையாலயா?"

"நீங்க எப்ப போடறீங்க அண்ணி?"

"சோறு தின்னுட்டு, படுக்கறதுக்கு முந்தி."

"சில பேருக்கு அப்டி இருக்கும். எனக்குக் காலைலதான் போடச் சொன்னாங்க. ஒங்களுக்கு மாத்தலாமான்னு சுகுணா மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. நீங்களா நிறுத்திராதீங்க."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கேறியது. சென்னம்மாள் அதை விரட்டுவது கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ."

"ஆமாங்க அண்ணி."

"சொல்லியிருந்தா நான் கட்டியிழுத்துனு போயிருப்பேன் அந்த மனுசன."

"ஆமாங்க."

போன் துண்டிக்கப்படும் என்று பாஞ்சாலி காத்திருந்தாள். துண்டிக்கப்படவில்லை.

"எனக்குப் பதினெட்டாந்தேதி போட்டிருக்குது" என்றாள் சென்னம்மாள். "ஒனக்கு?"

பாஞ்சாலிக்கு இருபத்தாறு. "நானும் அன்னிக்கு வர்ரேன்" என்றாள்.

பதினெட்டாம் தேதி இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். மையத்தில் அன்று சுகுணா லீவு. புதிதாக வந்த ஒரு பெண் விவரம் எழுதினாள். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு ஞாபகப்படுத்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில், தான் தனியாள் என்றாள் சென்னம்மாள். அந்தப் பெண் எழுதப்போன நேரம், "இருங்க" என்று நிறுத்தினாள்.

"என் நாத்தனா பேரு எழுதுங்க. பாஞ்சாலி."

போன் நம்பர் கேட்டபோது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற பாஞ்சாலி உள்ளே வந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.